திருவேங்கடத்துக்கு இல்லாத விதை

எளாவூருக்குக் கிழக்கே, உப்பு ஏரியை ஒட்டிய வயல்களில் அந்த வருஷம் காந்தாவின் ஒன்றரை ஏக்கரில்தான் நெல் தலை சாய்ந்து நின்றது. ஊர் நெல் வயல்களிலேயே உப்பு அதிகம் ஏறிய நிலம் அது. அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சத்யா, புது விதையைப் போட்டுப் பார்க்க அதைக் கேட்டாள். வருஷத்துக்கு வருஷம் உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது, அதைத் தாங்கும் நெல்லை விவசாயிகளோடு சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி ஊரில் ஒரு குழு அமைத்திருந்தாள். எந்த ரகம், யார் நிலம், யாருக்கு விதை, எல்லாமே குழு கூடிக் கைதூக்கித்தான் முடிவாகும்.

ஆனால் காந்தாவின் நிலத்தைக் கெடுத்தது ஏரித் தண்ணீர் அல்ல, பக்கத்து நிலத்தில் இறால் குட்டை வைத்திருந்த திருவேங்கடம். சில வருஷங்களுக்கு முன் ஒரு புயல் மழையில் குட்டை நிரம்பியதும், ஆள் வைத்துக் கரையை வெட்டி, உப்புத் தண்ணீரை அவள் வயலில் விட்டுவிட்டார். கொட்டும் மழையில் காந்தா அதைக் கண்ணால் பார்த்தாள். பஞ்சாயத்தில் அவர், "புயல்ல ஒடைஞ்ச கரைக்கு நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். ஊர் அவரைத்தான் நம்பியது.

பயிர் போனதும் அவள் கணவன் சிவகுமார் லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன்பிடி ஃபைபர் படகில் கூலிக்கு ஏறினான். சேற்றில் வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் உடலுக்குத் திருவேங்கடம் பெரிய மாலையாகக் கொண்டுவந்து போட்டார். அந்த மாலையைப் பிய்த்து எறியாமல் நின்றதுதான் காந்தா செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

பிறகு நோய் விழுந்து திருவேங்கடத்தின் இறால் எல்லாம் செத்தது. குட்டையைத் தூர்த்து நெல் போட்டார். முளைக்கவே இல்லை. காந்தாவின் அறுவடை முடிந்த கையோடு அவளைத் தேடி வயலுக்கு வந்தார்.

"காந்தா, அந்த வெதைல எனக்கும் கொஞ்சம் குட்க்கச் சொல்லும்மா. நீ சொன்னா குழு கேக்கும்."

"கரைய யாரு வெட்னதுன்னு ஊரு முன்னால சொல்லுங்க மாமா. அப்பறம் பாக்கலாம்."

அவர் உப்புப் பூத்து வெளுத்த தன் மண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். "நான்தான் ஆள வச்சி வெட்னேன். குட்டை போயிடும்னு பயந்துட்டேன்." யாரும் நிமிரவில்லை. பஞ்சாயத்தில் அவர் பக்கம் பேசியவர்களும் அங்கே இருந்தார்கள்.

காந்தா எழுந்தாள். "இத கேக்கறதுக்கு என் வூட்டுக்காரு இல்ல. நான் கேட்டுக்கினேன். இவருக்கு வெதை குட்க்க நான் கை தூக்க மாட்டேன். தூக்கறவங்க என் மூஞ்சியப் பாத்துத் தூக்குங்க."

ஒரு கைகூட உயரவில்லை.

"பாக்கலாம்னு சொன்னியேம்மா," என்றார் திருவேங்கடம்.

"பாத்துட்டேன்."

வெளியே வந்ததும் சத்யா அவளைப் பிடித்துக்கொண்டாள். "காந்தாக்கா, அவர் நிலத்தையும் சேர்த்து உப்பைக் கழுவி வடிகால் எடுத்தாத்தான் உங்களுக்கு நல்லது. விதை இல்லாம அதைத் தரிசா விட்டா அங்க இருக்கற உப்பு உங்க பக்கம்தான் கசியும். கோபத்துல உங்க பயிரையே கெடுத்துக்காதீங்க."

"எவ்ளோ போவும்?"

"வரப்போரம் ரெண்டு மூணு வரிசை."

"போவட்டும் மேடம்."

சத்யா சொன்னபடியே நடந்தது. அடுத்த நடவில், அவர் பக்கத்து வரப்போரம் நாற்று மஞ்சளாகி மடிந்தது. காந்தா ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். அவளுக்குப் பின்னால் மிச்ச வயல் பச்சையாக நின்றது. வரப்புக்கு அப்பால், ஒரு புல்கூட இல்லாத தன் நிலத்தில் திருவேங்கடம் தலையில் துண்டோடு குந்தியிருந்தார். பிடுங்கி முடித்ததும் வீட்டுக்குப் போகாமல் தூக்குவாளியைத் திறந்து, அவருக்கு நேர் எதிரே வரப்பில் உட்கார்ந்து, காந்தா நிதானமாகச் சாப்பிட்டாள்.