அரைப்பக்க வாழ்த்து

கஜீவனின் படம் பத்திரிகையில் வந்த வெள்ளிக்கிழமை, இராஜரட்ணம் கனடாவில், ஸ்காபரோவின் தமிழ்க்கடைகளுக்கெல்லாம் போய், வாசலில் அடுக்கியிருந்த இலவசப் பத்திரிகைகளைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் பரப்பினார். எல்லாப் பிரதியிலும் மகன் புதிய போர்விமானத்தின் மூக்கருகே, தலைக்கவசத்தைக் கையில் ஏந்தியபடி நின்றான்.

"பாலேஸ், கலர் நல்லா வந்திருக்கு, என்ன?"

"ஓம்," என்றாள் மனைவி பாலேஸ்வரி.

கஜீவன் அமெரிக்க மரைன் படையின் விமானி. அந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான் அமெரிக்கன். கனடாவுக்குள் நுழைய முறைவருமென்று அமெரிக்கப் பக்கத்து எல்லை நகரமான பஃபலோவின் அகதி விடுதியில் காத்திருந்த நாட்களில் பிறந்தவன். கொஞ்சம் பொறுத்துப் பிறந்திருந்தால் கனேடியன். அந்தச் சிறிய அவசரம் பிள்ளையை எங்கே கொண்டுபோய்விட்டது என்று அவள் பல வருடங்களாக யோசித்திருக்கிறாள். யோசனை ஓரிடத்திலும் போய் முடிந்ததில்லை.

அவனுடைய அணியின் பழைய விமானங்களை நிறுத்திவிட்டுப் புதியவை கொண்டுவருகிறார்கள். பழையதை ஓட்டிய எல்லோருக்கும் புதியதில் இடமில்லை. ஒரு வருடமாக அவனுடைய பேச்சில் வேறொன்றும் இருந்ததில்லை. கடைசியில், பத்திரிகை வருவதற்குச் சில கிழமைகளுக்கு முன் ஒருநாள், ஒரு படத்தை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் மெல்லச் சொன்னான்.

"அப்பா, எனக்குக் கிடைச்சிட்டுது. ஆனா லிஸ்ட் இன்னும் வெளியில வரேல்ல. இந்தப் படம் உங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும். பிளேன் நிக்கிற இடத்துக்குள்ள போன் கொண்டுபோகவே கூடாது. ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ, ப்ளீஸ். தெரிஞ்சால் என்னை எடுத்திடுவாங்கள்."

"நான் ஆருக்கடா காட்டப்போறன்," என்றார் இராஜரட்ணம்.

இந்த ஊரில் பிள்ளை பட்டம் பெற்றாலும், அரங்கேற்றம் செய்தாலும், வீடு விற்கிற லைசென்ஸ் எடுத்தாலும் பத்திரிகையில் பெற்றோரின் வாழ்த்து வரும். வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்னவோ நடந்துவிட்டதென்று ஆட்கள் விசாரிப்பார்கள். கஜீவனைப் பற்றி நெடுங்காலமாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் வேண்டாமெண்டவன்," என்று, இராஜரட்ணம் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் புறப்பட்டபோது அவள் ஒருமுறை சொன்னாள்.

"தமிழிலதானே போடுறன். ஆர் வாசிக்கிறது? அவன்ர கேணலோ?"

படம் கொடுத்து இரண்டு நாள் கழித்துப் பத்திரிகைக்கார எட்வேட் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தான். இராஜரட்ணம் வெளியே போயிருந்தார்.

"அக்கா, அண்ணை செல்லை எடுக்கிறாரில்லை. பேப்பர் அச்சுக்குப் போகப்போகுது, ஒருக்காக் கேளுங்கோ. 'புதிய போர்விமானத்துக்குத் தெரிவாகி, பங்குனியில் ஜப்பான் தளம் செல்லும் எங்கள் அன்பு மகன்.' சரியோ? அண்ணை முழுப்பக்கம் கேட்டவர். முழுப்பக்கம் செத்த ஆக்களுக்குத்தான் அண்ணை வடிவு, பெடியனுக்கு அரைப்பக்கம் காணும் எண்டன்."

அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, லைனில நிக்கிறியளோ? போடட்டோ?"

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அது நாக்கில்தான் இருந்தது. அவளுடைய தங்கை யோகராணி, ஊரில் சண்டை நடந்த நாட்களில் பதுங்குகுழி வாசலில் நின்று, குண்டு போட வந்த விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள். அவளை உள்ளே இழுக்க நீட்டிய கை இன்னும் பாலேஸ்வரியிடம்தான் இருக்கிறது. அந்த விமானத்துக்குள்ளும் ஒரு தாயின் பிள்ளைதான் இருந்திருப்பான். தன் பிள்ளை அப்படி ஒன்றில் ஏறக்கூடாது என்பதைத் தவிர அவள் எந்தக் கடவுளிடமும் எதுவும் கேட்டதில்லை. அதை மகனிடம் சொல்ல அவளுக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

"போடுங்கோ," என்றாள்.

பத்திரிகை தன் ஃபேஸ்புக் பக்கத்திலும் அதைப் போட்டது. உறவினர் பிள்ளைகள் பெருமையோடு கஜீவனின் பெயரை டேக் செய்து பகிர்ந்தார்கள். அடுத்த கிழமை அவன் அழைத்தபோது இராஜரட்ணம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, என்னை லிஸ்டில இருந்து எடுத்திட்டாங்கள்."

"தமிழிலதானேயடா போட்டது."

"படம் தமிழ் இல்லையப்பா."

இராஜரட்ணம் கதிரையை இழுத்துத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நான் எழுதிக் குடுக்கிறன், என்ர பிழையெண்டு. ஆரோட கதைக்கவேணும்?"

"லீவ் இட், அப்பா. படம் எடுத்தது நான்."

பாலேஸ்வரி தொலைபேசிக்குக் கிட்ட வந்தாள். "அப்ப இனிப் பறக்கமாட்டியோ, தம்பி?"

"இல்லையம்மா. பழைய பிளேனும் முடியுது. புதுசில இடமில்லை."

அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இறங்கி உட்கார்ந்தது. அதற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் அது உட்கார்ந்தது.

"அப்ப என்ன வேலை?"

"இன்ஃபன்ட்ரியோட விடுறாங்கள், தரையில நடந்து போற படையோட. பைலட்மாரைக் கொஞ்சக்காலம் அப்பிடி விடுறது எங்கட வழக்கம்தான். தரையில நிண்டு, மேல வாற பிளேனுக்கு எங்க குண்டு போடவேணும் எண்டு ரேடியோவில சொல்லவேணும்."

"நீ கீழையோ?"

"ஓமம்மா. பிளேன் வாறதைக் கண்ணால பாத்துத்தான் சொல்லுறது."

அவள் கை தொலைபேசியை நோக்கி நீண்டது. மகன் இன்னும் ஏதோ சொன்னான், பிறகு வைத்துவிட்டான்.

இராஜரட்ணம் தன் செல்லை எடுத்து, தவறவிட்ட அழைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அச்சுக்குப் போக முன்னம் எட்வேட் எனக்கு எடுத்திருக்கிறான். நான் பாக்கேல்லை. பாத்திருந்தால், கடைசி நேரத்தில வேண்டாம் எண்டிருப்பனோ தெரியாது." தலையை நிமிர்த்தினார். "உமக்கு எடுத்தவனோ?"

வெளியே பஸ் ஒன்று நின்று, ஆட்களை இறக்கி, போனது.

"இல்லை," என்றாள் பாலேஸ்வரி.

மேசையில் கிடந்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, படம் கீழே இருக்கும்படி அடுக்கத் தொடங்கினாள்.