கிணற்றடிப் பாறை

நடராசா அண்ணை பம்பு அறைப் படியிலும், என் மனைவி அருந்ததி தொட்டி விளிம்பிலும், நான் எங்கள் முந்திரிகைக் கொடிப் பந்தலின் கீழ் கவிழ்த்த வாளியிலும் இருந்தோம். கிணற்றின் மூன்றாவது பங்குக்காரன் கோகுலன் நோர்வேயில்.

தன் வெங்காயத்துக்குத் தண்ணீர் போதவில்லை, கிணற்றின் அடிப் பாறையைத் துளைக்க வேண்டும் என்றார் அண்ணை. எங்கள் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளில் மழைநீர் மேலேயும் கடல்நீர் கீழேயும் நிற்கிறது. ஆழத் துளைத்தால் உப்பு ஏறிவிடும். அடுத்த ஊரில் அப்படித்தான் நடந்தது. அந்த ஊர்த் திராட்சையைக் கடித்ததும் உப்பென்று துப்பிவிட்டு வந்த வைன்காரர்தான் இப்போது எங்கள் பழத்தில் வைன் செய்கிறார்.

“வெங்காயம் அடுத்த போகமும் நடலாம். உப்புப் பட்ட கொடியை என்ன செய்யிறது, அண்ணை?” என்றாள் அருந்ததி.

“உங்கடை கொடி குடிக்க, என்ரை வெங்காயம் பாத்துக்கொண்டிருக்கிறதோ, பிள்ளை?”

கோகுலனைக் கேட்போம் என்றேன். அண்ணை போனை எடுத்தார்.

“போனிலை கதைச்சால் பிறகு மாத்திக் கதைப்பான். எழுத்திலை வரட்டும்,” என்றேன்.

இரண்டு பக்க நியாயத்தையும் கோகுலனுக்குக் கடிதமாக எழுதி வாசித்துக் காட்டினேன். அண்ணை சிரித்தார்.

“உது போய்ப் பதில் வாறதுக்கிடையிலை மழை வந்து கிணறு நிரம்பீடும் எண்டுதானே, தம்பி?”

“ஓம்,” என்றேன்.

வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. அவர் சற்று நேரம் பந்தலைப் பார்த்தார்.

“பதில் வரும்வரைக்கும் தொடமாட்டன். அவன் ஓமெண்டு எழுதினால் பிறகு அழக்கூடாது.”

உறையை வாங்கி, தானே நாவால் நனைத்து ஒட்டினார். நான் சைக்கிளில் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.