இரும்புச் சாவி

என் உள்ளங்கையில் சாவி, ஹாஸ்டல் அறையின் பெரிய இரும்புச் சாவி, அதன்மேல் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதற்கும் மேல் தன் கையை வைத்துப் பொத்திக்கொண்டிருக்கிறாள் என் ஊர்க்காரி சுகிர்தா, பயப்படாதட்டி, நான் இருக்கேம்லா, ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன், வலிப்பு விட்டு நான் கண் திறக்கும்போது அவள் முகம்தான் முதலில் தெரிகிறது, டீச்சர் ட்ரெய்னிங் படித்த இரண்டு வருடத்தில் மூன்று தடவை வந்தது, பிறகு வரவே இல்லை, என் வீட்டாரைத் தவிர அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அப்புறம் அதே கை என் கையைப் பிடித்தபடி கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, என் கல்யாண ஓலையை வாசிக்கிறார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையைக் கேட்க வேண்டும், முதல் ஞாயிறு வாசித்தார்கள், இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள், பொண்ணு மூஞ்சியப் பாரு என்று அவள் என் விலாவில் இடிக்கிறாள், மூன்றாம் ஞாயிறு போதகர் தாளைப் புரட்டுகிறார், என் பெயரைச் சொல்லாமலே பாட்டுக்குப் போய்விடுகிறார், மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே அவரிடம் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள், எங்களிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, நான் திரும்பிப் பார்க்கிறேன், அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்த மொட்டைக் கடிதாசியை அப்பா வாங்கி வந்து என் கையில் கொடுத்தார், பெண்ணுக்கு வலிப்பு உண்டு, இரும்பைப் பிடித்தால்தான் அடங்கும், இப்படிக்கு உண்மையை நேசிக்கும் ஒரு சகோதரி, சகோதரியாம் சகோதரி, அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா, நேரே போய்க் கேட்டேன், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், மறைச்சு ஒருத்தன் தலையில கட்டுனா பாவம் இல்லையாட்டி, என்றாள், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதியிருக்கலாம்லா, என்றேன், ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டாள், உண்மையைத்தான் எழுதினாள், அதுதான் வயிற்றெரிச்சல், பொய் எழுதியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன், கூடவே இருந்து குழி பறித்துவிட்டாளே, அவள் கையையல்லவா பிடித்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பிறகு என்னைக் கேட்டு யாரும் வரவில்லை, முப்பத்திரண்டு வருடம் ஒரே சபை, அவள் முன்னால் உட்கார்ந்தால் நான் பின்னால், அப்பமும் திராட்சரசமும் வாங்கத் திருவிருந்துக்கு அவள் எழுந்தால் நான் அடுத்த வரிசைக்குக் காத்திருப்பேன், பரமண்டல ஜெபத்தில் பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி வரும்போது வாயை மூடிக்கொள்வேன், ஆண்டவரிடம் எதற்குப் பொய்.

இந்த ஞாயிறு, அம்மாவை அடக்கம் பண்ணி நாலாம் வாரம், வீட்டில் பேச ஆளில்லை, அழுது அழுது கண் மங்கி, திருவிருந்துக்குப் போய் யார் பக்கத்தில் முழங்கால் போடுகிறேன் என்று பார்க்காமலே போட்டுவிட்டேன், பக்கத்தில் இரண்டு கைகள் நடுங்குகின்றன, முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, அவளுக்கு நடுக்க வியாதி என்று கேள்விப்பட்டபோது நல்லா வேணும் என்று நினைத்தவள்தான் நான், எழுந்து போய்விடலாமா, அதற்குள் போதகர் திராட்சரசப் பாத்திரத்தை அவள் கையில் கொடுக்கிறார், எல்லோருக்கும் ஒரே பாத்திரம், அவள் வாய் வைத்ததில் நான் வைக்க வேண்டும், மாட்டவே மாட்டேன் என்று பல்லைக் கடிக்கிறேன், பாத்திரம் ஆடுகிறது, ரசம் ஒரு சொட்டு அவள் வெள்ளைச் சேலையில் விழுகிறது, வேண்டாம் ஐயா, எனக்கு அருகதை இல்ல, என்று அவள் முணுமுணுக்கிறாள், மன்னித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், நான் மன்னிக்கவில்லை, கைதான் போயிற்று, பாத்திரத்தின்மேல் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அதற்கும் மேல் என் கையை வைத்துப் பொத்திக்கொள்கிறேன், பயப்படாதட்டி, யார் சொன்னது, என் குரல்தான், நான் இருக்கேம்லா, பாத்திரம் ஆடாமல் நின்றது, அவள் குடித்தாள், போதகர் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார், அதற்குள் நான் வாங்கிக் குடித்துவிட்டேன்.