பதினேழாவது ஷரத்தை நான் அடித்திருந்தேன்

1

இந்தக் கதை எனக்கு மெட்ரோவில் கிடைத்தது. வைட்ஃபீல்டில் ஏறிய இரண்டு பெண்கள், நீலச் சீருடையைக்கூட மாற்றாமல், தங்கள் கம்பெனியின் சம்பள ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மெஜஸ்டிக் வருவதற்குள் முழுக் கதையும் கைக்கு வந்துவிட்டது.

(மேலே இருப்பது பொய். ஊரில் இருக்கிற எழுத்தாளர்களுக்கெல்லாம் ரயிலில் கதை கிடைக்கும்போது எனக்கு மட்டும் கிடைக்கக் கூடாதா என்ற வயிற்றெரிச்சலில் எழுதியது. உண்மையில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்காம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஆலைச் சங்கு ஊதியது. தொழிலாளர் வெள்ளம் வாயிலை நோக்கி..."

இல்லை. அந்தக் கம்பெனியில் சங்கே கிடையாது. கைரேகை வைக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அது கீச்சென்று ஒரு தடவை கத்தும். வெள்ளமும் கிடையாது. பையைச் சோதித்து ஒவ்வொருவராகத்தான் வெளியே விடுவார்கள்.

இரண்டாம் முயற்சி: "உழைக்கும் வர்க்கத்தின் வியர்வையில்..."

முடிக்கவே பிடிக்கவில்லை. பேக்கிங் செக்‌ஷனில் ஏசி இருக்கிறது. (ஏசி அட்டைப்பெட்டிகளுக்காக. ஈரம் பட்டால் பெட்டி நமுத்துப்போகும். மனிதர்கள் நமுப்பதில்லை என்பதால் அவர்களுக்கு... சரி, விடுங்கள்.)

மூன்றாம் முயற்சி: டீனாவுக்கு முப்பத்தொன்பது வயது. ஒக்கலிபுரத்தில் வீடு. வைட்ஃபீல்டு பக்கம் சுவிட்சு செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாகப் பேக்கிங். யூனியனின் துணைச் செயலாளர். நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசும் ஐந்து பேர் கமிட்டியில் அவள் ஒருத்திதான் பெண். தமிழில் எழுதியிருப்பதைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

இது பரவாயில்லை. இதோடு போவோம்.

3

மூன்று வருஷ ஒப்பந்தத்துக்காகக் கமிட்டி பதினான்கு மாதம் பேசியது. (அதே பதினான்கு மாதத்தில் நான் மூன்று கதை எழுதினேன். யாரும் எதிர்க்கவில்லை, படிக்கவும் இல்லை.) மொத்தம் நாற்பது ஷரத்து. பதினேழாவது ஷரத்து, ஸ்டூல். பேக்கிங்கில் எட்டு மணி நேரமும் நின்றுதான் வேலை. உட்கார்ந்தால் கை மெதுவாகும் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கண்டுபிடித்திருந்தார். ஆளுக்கொரு ஸ்டூல் கொடுங்கள், முடியாதபோது உட்கார்ந்துகொள்கிறோம் என்பதுதான் கோரிக்கை.

கடைசிப் பேச்சுவார்த்தையில் (அங்கே எல்லாருக்கும் சுழல் நாற்காலி) கம்பெனியின் எச்.ஆர். மேலாளர் தர்ஷினி பேனாவால் மேசையைத் தட்டினார். வயது முப்பதுகூட இருக்காது. அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

"மாசச் சம்பள உயர்வு மூவாயிரத்து எண்ணூறுல நிக்குது. ஸ்டூலை டிராப் பண்ணுங்க, நான் மேல பேசி நாலாயிரத்து இருநூறா ஏத்தி வாங்கித் தரேன். ரெண்டும் கேட்டா ரெண்டும் வராது."

யூனியன் தலைவர் கோவிந்தப்பா டீனாவின் பக்கம் திரும்பினார். "ஏனு மாடோது டீனா, என்ன பண்றது? நீதான் சொல்லணும். நிக்கிறது உங்க செக்‌ஷனு."

எல்லாருக்கும் மாதம் நானூறு ரூபாய் கூட. டீனா மனசுக்குள் பிள்ளையின் பள்ளிக்கூட வேன் கட்டணத்தைப் போட்டுப் பார்த்தாள். பிறகு, "விட்ருங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் அன்னம்மாளின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள். அன்னம்மாள் பக்கத்து மேசை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு கருநீலமாகத் தெரியும். அதன் மேல் கிரேப் பேண்டேஜ் சுற்றி, அதற்கும் மேல் மகனுடைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு வருவார். தினமும் ஒரே கேள்விதான்.

"ஸ்டூலு என்னாச்சு டீனா?"

"பேசிக்கினு இருக்கோம்க்கா."

4

சரி, சொல்லிவிடுகிறேன். மல்லேஸ்வரத்தில் காபி குடித்துக்கொண்டு கதை எழுதினால் வாடகை கட்ட முடியாது. மொழிபெயர்ப்பும் செய்கிறேன்: இன்சூரன்ஸ் பாரம், வங்கி நோட்டீஸ், ஒரு தடவை பிரஷர் குக்கர் கையேடு. அந்த ஒப்பந்தத்தை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கியது நான்தான். டீனாவின் தம்பி லாயிட் எனக்குப் பழக்கம்; அவன் மூலமாக வந்த வேலை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதியதை அழிக்க மாட்டேன். மேலே ஒரு கோடு இழுத்து அப்படியே வைத்திருப்பேன். ஸ்டூல் ஷரத்து போய்விட்டது என்று டீனா போனில் சொன்னதும் அதன் மேலும் கோடு இழுத்தேன். அழித்துத் தொலைத்திருக்க வேண்டும். ஆனால் வாக்கியம் நன்றாக வந்திருந்தது: "நின்று வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை தரப்படும், உடம்பு கேட்கும்போது உட்கார யாருடைய அனுமதியும் தேவையில்லை." மூலத்தில் இத்தனை அழகு கிடையாது. கொஞ்சம் என் கைச்சரக்கு.

முழு ஒப்பந்தத்தையும் லாயிட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பினேன். அந்தக் கோடு காணாமல் போய் எழுத்து மட்டும் போய்ச் சேர்ந்தது. லாயிட் அதைப் பிரிண்ட் எடுத்து அக்காவிடம் கொடுத்தான். அவள் அதைக் கம்பெனி பஸ்ஸில் பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அதிகாலையில் எழுந்து சமைத்துவிட்டு வந்தவள் பஸ்ஸில் தூங்கத்தான் செய்வாள்.

5

அந்த யூனியனில் ஒரு வழக்கம். ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்துக் காட்டி, தொழிலாளர்கள் கை தூக்கிய பிறகுதான் கமிட்டி கையெழுத்துப் போடும். சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் இரண்டு மொழியில் படிக்க முடியாது. ஆகவே முன் கேட்டில் கோவிந்தப்பா கன்னடத்தில் படிப்பார், அதே நேரத்தில் பின் கேட்டில் டீனா தமிழில் படிப்பாள்.

அன்றைக்குப் பின் கேட்டில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். டீனா ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போனாள். பதினைந்து, கேன்டீன். பதினாறு, ரெயின்கோட். பதினேழு, நின்று வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும்...

பெண்கள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். அன்னம்மாள் தட்டவில்லை.

"இன்னொரு வாட்டி படி டீனா" என்றார்.

டீனா இன்னொரு தடவை படித்தாள்.

நாற்பதும் முடிந்ததும் எல்லாரும் கை தூக்கினார்கள். சாம்பார் ஒட்டிய கை, கறிக்குழம்பு ஒட்டிய கை, எல்லாம் மேலே போயின. முன் கேட்டில் முப்பத்தொன்பது ஷரத்துக்குக் கை தூக்கியிருந்தார்கள்.

(என் வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லி யாரும் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிற்பாடு இதைக் கேள்விப்பட்டபோது முதலில் சந்தோஷப்பட்டேன். பயம் அப்புறம்தான் வந்தது.)

6

இங்கே எனக்கு டீனாவின் மேல் ஒரு சந்தேகம். ஸ்டூலை விட்டுக்கொடுத்தவளே அவள்தான். அந்த வரி வந்ததும் அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? "களைப்பில் அவள் கவனிக்கவில்லை" என்று எழுதி அடித்தேன். "வேண்டுமென்றே படித்தாள்" என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில் இது ஒன்றை மட்டும் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"மொத வாட்டி பாதி வரைக்கும் தெரியாது சார். பாதிக்கு மேல தெரியும்."

"ரெண்டாவது வாட்டி?"

"ரெண்டாவது வாட்டி நல்லா நிறுத்திப் படிச்சேன்."

7

அன்றே மாலை நாலு மணிக்குக் கையெழுத்து, லேபர் ஆபீஸில். அதற்குள் விஷயம் பின் கேட்டிலிருந்து முன் கேட்டுக்குப் போய், அங்கிருந்து தர்ஷினியின் காதுக்கும் போய்விட்டது. மேசையில் ஒப்பந்தம் இருந்தது. அதில் ஸ்டூல் இல்லை. கமிட்டியில் நாலு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. டீனாவின் இடம் மட்டும் காலி. ஐந்தும் இருந்தால்தான் ஒப்பந்தம்.

"தப்பா படிச்சிட்டேன்னு வெளிய போய் அனௌன்ஸ் பண்ணுங்க, வந்து சைன் பண்ணுங்க" என்றார் தர்ஷினி. "இல்லன்னா கம்பெனி முழு ஆஃபரையும் வாபஸ் வாங்கும். நான் மிரட்டல, எனக்கு அப்பிடித்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"பதினாலு மாசம்மா" என்றார் கோவிந்தப்பா. பேனாவை டீனாவின் பக்கம் தள்ளினார்.

டீனா வராந்தாவுக்கு வந்து எனக்குப் போன் செய்தாள். கோடு காணாமல் போன கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். சொன்ன கையோடு பெரிய மனுஷனாக ஒரு யோசனையும் கொடுத்தேன்: மொழிபெயர்த்தவன் செய்த தவறு என்று சொல்லிவிடுங்கள், பழி என்மேல் வரட்டும்.



"சொல்லலாம் சார். உங்க தப்புன்னு சொன்னா நான் தப்பிச்சுக்குவேன். நீங்க பேப்பர்ல கோடு போட்டு அடிச்சிட்டீங்க. தூக்குன கைய எங்க கோடு போட்டு அடிக்கிறது?"

 

8

முடிவுகள்.

அ. டீனா வெளியே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாள். நானூறு பேருக்கும் நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஏறுகிறது. "போட்டும் விடு, பழகிடுச்சு" என்கிறார் அன்னம்மாள். (இதை எழுதும்போது என் கை கூசியது. நிஜத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்பதால் கூசியது.)

ஆ. டீனா பேனாவை மூடிவிடுகிறாள். இரண்டு கேட்டும் ஒன்றாகச் சேர்ந்து, கம்பெனி இறங்கிவந்து, ஒரு லாரி நிறைய ஸ்டூல் வந்து இறங்குகிறது. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

இ. டீனா பேனாவை மூடிவிடுகிறாள். ஒப்பந்தம் வாபஸ். ஸ்டூலும் இல்லை, சம்பள உயர்வும் இல்லை. நானூறு வீட்டில் அவள் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். (இதை இரண்டு வரிக்கு மேல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.)

ஈ. தர்ஷினி வெளியே போய் மேலிடத்துக்குப் போன் செய்து...

தெரியவில்லை. அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தானா என்று நான் விசாரிக்கவே இல்லை.

இந்தத் தடவை எதன் மேலும் கோடு இழுக்கப் போவதில்லை. டீனா வராந்தாவிலிருந்து உள்ளே வந்துவிட்டாள். கையில் பேனா இருக்கிறது. ஷிப்டு முடிந்ததும் பின் கேட்டுப் பெண்கள் லேபர் ஆபீஸ் வாசலில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு பெஞ்சு. அதில் கமிட்டி ஆட்களின் பைகள் இருக்கின்றன. ஜன்னல் வழியாக அன்னம்மாள் டீனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இதற்கு மேல் உரிமை கிடையாது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இதை நீங்கள் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அன்னம்மாள் நின்றுகொண்டிருக்கிறார்.