சின்னத்தங்கம் எண்ணிய மாதங்கள்

மருமகள் கம்சாயினியின் குப்பை வாளியைக் கிளறிய சின்னத்தங்கத்துக்கு, இரண்டு கோடு விழுந்த கர்ப்பப் பரிசோதனைப் பட்டை அகப்பட்டது. மகன் உதயரூபன் கட்டாருக்குத் திரும்பி ஏழு மாதம். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? பொழுது சாய்வதற்குள் ஆரையம்பதி முழுக்கக் கதை பரவிவிட்டது.

உதயரூபன் மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளுடைய அழைப்பு வராதபடி போனை அடைத்துவிட்டான்.

அது பிள்ளையே இல்லை. அவன் லீவில் வந்தபோது தரித்த கருவில், பிள்ளைக்குப் பதிலாக முந்திரிகைப்பழக் குலை போலக் குமிழ்கள் வளர்ந்தன. ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்தது அவனுக்கும் தெரியும். மிஞ்சியது புற்றாகி நுரையீரல் வரை போனதை மட்டக்களப்பில் டாக்டர் பிறகுதான் கண்டுபிடித்தார். அந்தக் கட்டியும் கர்ப்பம் போலவே கோடு காட்டுமாம். கீமோ ஏற்றினால் சுகமாகும் என்றார்.

"என்ர போனிலயாவது புருசனுக்கு ஒரு சொல்லுச் சொல்லன் புள்ள," என்றாள் வெல்லாவெளியில் இருந்த அக்கா அன்னப்பூரணி.

"சொன்னா இரக்கப்பட்டு மன்னிப்பாங்க. மன்னிக்க நான் என்ன செஞ்சன்? மாமி மாசத்த எண்ணட்டும் அக்கா. எண்ணி முடிக்கட்டும்."

கம்சாயினி அக்கா வீட்டிலிருந்தே மருந்துக்குப் போய்வந்தாள். வாயெல்லாம் புண், கஞ்சியும் எரிந்தது. உதயரூபன் பார்த்துப் பூரித்த நீளப் பின்னலை, முடி கொட்டத் தொடங்கிய அன்றே வெட்டி எடுத்துவைத்தாள். சாகப் பயம் வந்தபோதெல்லாம் மாமியின் முகத்தை நினைத்தாள். பயம் போய்விடும்.

சின்னத்தங்கமோ, மருமகள் வயிற்றை மறைக்கத்தான் ஓடினாள் என்று சொல்லி, விரல் மடித்து மாதம் எண்ணி, சித்திரையில் பிறக்கும் என்று ஊருக்கே அறிவித்தாள்.

இரத்தத்தில் நோயின் அடையாளம் இல்லை என்றான பிறகு, அதே சித்திரையில் கம்சாயினி முக்காட்டோடு வீடு திரும்பினாள். மண்டபத்தில் சேலையால் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி ஏணை கட்டி, யன்னலைத் திறந்துவைத்து ஆட்டினாள். பார்க்க வேண்டியவள் பார்த்தாள். அந்தக் கிழமையே உதயரூபன் வந்திறங்கினான்.

தாய் முன்னுக்கு, மகன் பின்னுக்கு. வேலியோரம் சின்னத்தங்கம் கூட்டி வந்த அயலட்டத்துச் சனம்.

"ஆர்ர புள்ள?" என்றான் உதயரூபன்.

"தூக்கிப் பாருங்க மாமி," என்றாள் கம்சாயினி.

ஏணைக்குள் கையை விட்ட சின்னத்தங்கத்தின் கையோடு பின்னல் வந்தது. கம்சாயினி முக்காட்டை எடுத்தாள். அரிவு வெட்டிய வயல் போலத் தலை.

"புற்றுநோய்," என்றாள், வேலிக்கும் கேட்கும்படி. "உங்கட மகனால தரிச்ச கருவில மிஞ்சினது. நீங்க மாசம் எண்ணின நேரம் நான் மருந்து ஏத்திக் கிடந்தன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே கம்சா," என்றான் உதயரூபன்.

"நீங்க கேட்டிருக்கலாமே."

அவன் அழுதான். அவளுக்குப் பாவமாக இல்லை. இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"இனிப் பிள்ள..." என்று இழுத்தான்.

"ஒரு வருசம் போகப் பெறலாமாம். உங்களுக்கில்ல."

தாய் தகப்பன் அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு அது. அவன்தான் வந்து குடியேறியவன். அவனுடைய உடுப்புப் பெட்டி முன்பே வேலிப் படலையடியில் இருந்தது. சின்னத்தங்கம் பின்னலைத் திரும்ப ஏணைக்குள் வைக்கப் போனாள்.

"வெக்காதீங்க மாமி, கொண்டு போங்க," என்றாள் கம்சாயினி. "கதை கொண்டுபோன வீடெல்லாம் இதையும் காட்டுங்க."