காணிக்கைச் சைக்கிள்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜெபசுதாவிடம் ஒரு ரேஸ் சைக்கிள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட செலக்‌ஷன் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்ததே ஒரே ஒரு ரேஸ் சைக்கிள்தான். வருஷம் முழுக்க அதை அவளும் கூடப் படிக்கும் அருணாசலவடிவும் மாற்றி மாற்றி மிதித்துப் பழகியிருந்தார்கள். பழகுவதற்கு அது போதும். ரேஸில் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டுமே. துண்டுச்சீட்டு குலுக்கிப் போட்டதில் சைக்கிள் வடிவுக்குப் போனது. பி.டி. மிஸ் ஜெபசுதாவின் தோளைத் தட்டி, சொந்தமாக ஒன்று ஏற்பாடு பண்ணிக்கொள் என்றார், வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துவரச் சொல்வதுபோல.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது, விளைந்ததில் ஒரு பங்கை ஆண்டவருக்குக் கொடுக்கும் நாள்.

ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் வேப்பமரத்துக்கு அடியில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், முட்டைக்கோழி, கேக். பொருளுக்கும் விலைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஒரு எலுமிச்சம்பழத்தை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தவர் அடுத்த வருஷம்வரை அந்தப் பழத்தைப் பற்றிப் பேசுவார். எடுத்ததில் குறை சொல்லும் வழக்கம் மட்டும் கிடையாது. கோழி மறுநாளே சீக்கு வந்து செத்தாலும் வாயை மூடிக்கொண்டு புதைக்க வேண்டியதுதான். ஆண்டவருக்கு வந்த பொருளில் நொட்டை சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்த விஷயம் கிருபாநிதிக்கு நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். சபைக் கமிட்டியில் மூன்றாவது தடவையாக இருக்கிறார். முழுக்கை வெள்ளைச் சட்டை. ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடுவார், ஆனால் யார் யார் பார்க்கிறார்கள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் வீட்டுக் காணிக்கை ஜிகினா சுற்றிய சிவப்பு ரேஸ் சைக்கிள். அவரே மைக்கை வாங்கி, மகன் செல்வின் ஆசையாக வாங்கியது, ஆசைப்பட்டதைத்தானே ஆண்டவருக்குக் கொடுக்கணும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜெபசுதாவின் அப்பா ஜெபகனி, நாசரேத்துக்காரர், ஐந்தாம் வகுப்பு வாத்தியார். ஏலத்தில் முறுக்குப் பொட்டலத்துக்கு மேல் கை தூக்கியதே இல்லை. அன்றைக்குத் தூக்கினார். ஐயாயிரத்தில் அவரோடு போட்டி போட யாருமில்லை. அது கிருபாநிதிக்குப் பொறுக்கவில்லை. தான் கொடுத்த சைக்கிளுக்குத் தானே ஆறாயிரம் கேட்டார். அப்பா ஏழு என்றார். அவர் எட்டு என்றார். சபை சிரித்துக் கைதட்டியது. பன்னிரண்டாயிரத்தில் கிருபாநிதி பெருந்தன்மையோடு கை கூப்பி விட்டுக்கொடுத்தார். மூணு தரம். சபைப் போதகர் ஐயர் அப்பாவின் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். பிள்ளைக்குச் சைக்கிள் கிடைத்த சந்தோஷம் ஒரு பங்கு என்றால், மைக்கில் பேர் வந்த சந்தோஷம் அப்பாவின் முகத்தில் மூன்று பங்கு இருந்தது. ஜெபசுதாவும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். பிறகு அதை நினைத்தபோதெல்லாம் தன் பல்லைத் தானே உடைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஜிகினாவைப் பிரித்ததும் வண்டவாளம் தெரிய ஆரம்பித்தது. செயின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பின் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு. பிரேக் பிடித்தால் கை வலித்ததே தவிர சக்கரம் நிற்கவில்லை. உப்புக்காற்று ஊரில் வெளியே போட்டு வைத்தால் எந்தச் சைக்கிளும் இப்படித்தான் ஆகும் என்று அப்பா சமாதானம் சொன்னார். ஜெபசுதாவும் நம்பினாள். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். டயரும் கேபிளும் புதிதாக வாங்கி மாட்டினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தாள். எழுந்து நின்று மிதித்தபோது எங்கோ 'டிக்' என்றது. இறக்கத்தில் வேகம் பிடித்ததும் ஹேண்டில் தானாக நடுங்க ஆரம்பித்தது. அவள் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடியது. பின்னால் உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. எப்படி ஓரம் கட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஏன் தள்ளிக்கொண்டு வருகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, கால் வலி என்றாள்.

மறுநாள் பக்கத்துச் சின்ன ஊரான புதுக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற முடியாமல், அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு லோடு ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனாள். பள்ளிக்கூடத்துச் சைக்கிளுக்கு வேலை பார்க்கும் பேச்சிராஜாவின் கடை அங்கேதான். பேச்சிராஜாவுக்கு ரேஸ் சைக்கிள் என்றாலே இளக்காரம். கேரியர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா என்பார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார், சக்கரத்தைச் சுற்றினார், ஃபோர்க்கை ஆட்டினார். பிறகு ஹேண்டிலுக்குக் கிட்டத்தில், பிரேமின் கீழ்ப் பைப்பில், காதை வைத்துக் கேட்டார். அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பச்சை எழுத்தில் ஒரு வேதவசனம்.

“இத உரிச்சுப் பாக்கணும்,” என்றார்.

“உரிங்க அண்ணாச்சி.”

“நான் உரிக்க மாட்டேன் தாயி. உங்க சாமி எழுத்து. நாளைக்கு ஒண்ணுன்னா ஒண்ணு ஆச்சுன்னா எங்க வீட்ல என்னையத்தான் ஏசுவாவ. நீயே உரி.”

ஜெபசுதா வசனத்தின் மேல் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த பிள்ளை. நகத்தை வைத்துவிட்டு ஒரு தடவை எடுத்துக்கொண்டாள். மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளப்பினாள். பாதி உரித்ததுமே தெரிந்தது. தலைமுடி மாதிரி ஒரு கோடு. பைப்பின் அடியில் முக்கால் சுற்று ஓடியிருந்தது. கோட்டின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் பூசியிருந்தார்கள்.

பேச்சிராஜா நெயில் பாலிஷை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எங்கேயோ நேராகக் கொண்டுபோய் முட்டிய வண்டி என்றார். அலுமினியத்துக்கு வெல்டு வைக்க ஆள் இருக்கிறான், வைத்தாலும் அந்த வண்டியில் தன் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றார். காசு வாங்கவில்லை. வேலை ஒன்றும் பார்க்கவில்லையே, எதுக்குக் காசு என்றார்.

வீடு வரைக்கும் அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். உடைந்ததைக் கொடுத்தது கூடப் பரவாயில்லை. உடைந்தது தெரியாமல் இருக்க அந்த ஆள் எதைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார் பார். இந்தச் சபையில் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள் என்று எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த நெயில் பாலிஷ் பாட்டிலையும் தூரிகையையும் கையில் வைத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி அவர் குனிந்து பூசியிருப்பதை நினைத்தால் சிரிப்பு வந்தது. ஹேண்டில் நடுங்கியதை நினைத்தால் சிரிப்பு நின்றது.

அப்பாவிடம் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, டார்ச் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். கிருபாநிதி அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்காது என்றார். வெல்டு வைத்து ஓட்டலாமே என்றார். அவ்வளவு பேர் முன்னால் ஸ்தோத்திரம் பண்ணிய பொருளைப் போய் எப்படிக் கேட்பது என்றார். வாத்தியார் வேலையில் முப்பது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவருக்கு, பெரிய மனிதன் ஒருத்தனைக் கேட்க ஒரு கேள்வி இல்லை. ஜெபசுதா அழுதுவிடுவோமோ என்று பயந்து, நான் வெல்டு வச்ச சைக்கிள்ல ஏற மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அப்பா ரெண்டு நாள் யோசித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, சும்மா ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம் என்றார்.

தள்ளிக்கொண்டு போன சைக்கிளை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கிருபாநிதி வீட்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நாலடி தள்ளி நின்று, அது பெயின்ட் கீறல் என்றார். இதே வண்டியில் செல்வின் திருச்செந்தூர் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறான் என்றார். பிள்ளைக்குப் பழக்கமில்லாததால் பயமாக இருக்கும், ஜெபம் பண்ணிவிட்டு ஓட்டினால் பயம் போய்விடும் என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“வாத்தியாரே, நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கமட்டும் சரி. காணிக்கையில கொற சொல்லுதாருன்னு வெளிய பேச்சு வந்தா உமக்குத்தான் நல்லா இருக்காது பாத்துக்கிடும்.”

அப்பா தலையாட்ட ஆரம்பித்தார். கூடவே அந்தச் சிரிப்பும் வந்தது, ஏலத்தன்று மைக்கில் பேர் வந்தபோது சிரித்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வெல்டுக் கடைக்குப் போக வேண்டியிருக்கும், சனிக்கிழமை அந்தப் பைப்பின் மேல்தான் தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஜெபசுதாவுக்குத் தெரிந்துவிட்டது.

“மாமா,” என்றாள். “செல்வின் அண்ணன இதுல ஒரு ரவுண்டு போயிட்டு வரச் சொல்லுங்க. அவ்வோ ஓட்டுனா நானும் ஓட்டுதேன்.”

கிருபாநிதி உரக்கச் சிரித்தார். இதுதானா விஷயம் என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். செல்வின் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். இருபத்துமூன்று வயசு, அப்பாவின் ஆபீஸில் வேலை, அதாவது அப்பாவின் ஆபீஸில் ஏ.சி. காற்று வாங்குவது. சைக்கிளைப் பார்த்ததும் போன் கீழே இறங்கியது. அப்பாவைப் பார்த்தான். அவர் கண்ணைக் காட்டினார். செல்வின் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடப் போனான்.

சமையலறையிலிருந்து செல்வினின் அம்மா ரேச்சல் அத்தை டீத் தட்டோடு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஏலே, அதுல ஏறாத. முன்பல்லு ரெண்டு போனது காணாதா ஒனக்கு?”

செல்வின் காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றான். வாயை மூடிக்கொண்டான். ஆனால் எல்லாரும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். மற்றப் பற்களைவிட வெள்ளையாக, சுவர் டைல்ஸ் மாதிரி ரெண்டு புதுப் பல்.

ரேச்சல் அத்தை தான் சொன்னது என்னவென்று புரிந்து தட்டை மேஜையில் வைத்தாள். கிருபாநிதி மட்டும், அது அப்பவே சரி பண்ணியாகிவிட்டது, அந்த இடம் வேறு என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றித் துடைத்தார்.

திறந்திருந்த கதவு வழியாக ஹாலில் சோபாவுக்கு மேலே சுவரில் கொக்கி அடித்து ஒரு கறுப்பு ரேஸ் சைக்கிள் மாட்டியிருந்தது ஜெபசுதாவுக்குத் தெரிந்தது. டயரில் தூசி இல்லை. ரோட்டையே பார்க்காத டயர்.

“அத சனிக்கிழமைக்கு மட்டும் தாங்க,” என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

செல்வின் அது விலை கூடியது, பழக்கமில்லாதவர்கள் ஓட்டினால் கியர் போய்விடும் என்று ஆரம்பித்தான். ரேச்சல் அத்தை அவனைப் பார்க்காமல், “எறக்கிக் குடுல,” என்றாள். அவன் இறக்கினான்.

சைக்கிள் வராந்தாவுக்கு வருவதற்குள் கிருபாநிதி சுதாரித்துவிட்டார். தாராளமாக எடுத்துட்டுப் போ மகளே என்றார். நம்ம சபைப் பிள்ளை ஜெயித்தால் நமக்குத்தானே பெருமை என்றார். இப்படி ஒரு உதவி கிடைத்ததை ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லார் முன்னாலும் நீ எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் மகனை உடைந்த சைக்கிளில் ஏற்றப் போன மனிதன். முகத்தில் ஒரு சொட்டு வியர்வைகூட இல்லை.

ஜெபசுதா பையிலிருந்து சீட்டுத் திருகாணியைத் திருப்பும் ஆலன் கீயை எடுத்து, அவர்கள் மனசு மாறுவதற்குள் சீட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுதேன் மாமா,” என்றாள் நிமிராமல். “எதையெல்லாம் சொல்லணும்னுதான் யோசிக்கேன்.”

கிருபாநிதி மேஜையிலிருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

சீட்டை முடுக்கியபின் அவள் தரையில் உட்கார்ந்து, கறுப்புப் பைப்பின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரப்படாமல், ரெண்டு தடவை. ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்பா கிளம்புவதற்காகச் சிவப்புச் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்தார். அதை இங்கேயே விட்டுட்டுப் போங்க வாத்தியாரே, ஆள் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றார் கிருபாநிதி.

“வேண்டாம் அண்ணாச்சி,” என்றார் அப்பா. “இங்கன கெடந்தா அடுத்த வருசமும் ஏலத்துக்கு வந்துரும்.”

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனவர் மாதிரி வேகமாகப் படி இறங்கினார். ஜெபசுதா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

தெருவில் அவர் சிவப்பைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவள் கறுப்பில் ஏறி மெதுவாக மிதித்தாள். முதல் கியரில், இரண்டாவதில். எழுந்து நின்று மிதித்துப் பார்த்தாள். சத்தம் இல்லை. தெரு முனையில் நின்று அப்பா வரட்டும் என்று காத்திருந்தாள். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், இருட்டுவதற்குள் மேம்பாலம் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்றாள்.

“எறக்கத்துல பிரேக்க விடாத,” என்றார்.

விட்டுத்தான் இறங்க வேண்டும். சனிக்கிழமை வடிவு விட்டுத்தான் இறங்குவாள். சரிப்பா என்று சொல்லிவிட்டு அவள் பெடலை அழுத்தினாள்.