இயக்குநர் செய்த சத்தியம்

ஒன்பது வருடமாக ஆறு ஆறு மாத ஒப்பந்தத்தில் சிலைகளைச் செப்பனிட்டு இழுபட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த மார்ச்சில்தான் நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஆன்டிகுவா நகரத்துப் பாரம்பரிய அலுவலகத்தில் ஒரே ஒரு காலியிடம். போட்டியில் நானும், தலைநகரத்திலிருந்து வந்த சிற்ப ஆய்வாளர் டாக்டர் ஒஸ்பால்தோவும். பரீட்சையும் ஒன்றுதான்: எங்கள் தெருக் கோயில் மாதா சிலையின் வயது என்ன? பழையது என்று அலுவலக இயக்குநர் நேரில் கண்டு கையெழுத்திட்டால் சிலை பாரம்பரியப் பதிவேட்டில் இருக்கும். இல்லையென்றால் நீக்கிவிடுவார்கள்.

டாக்டர் முகத்தையும் கைகளையும் பார்த்தார். முகத்தில் காருக்கு அடிக்கிற பெயின்ட். வேண்டுதல் பலித்தால் எங்கள் ஆட்கள் மாதா முகத்துக்குப் புதுசாகப் பெயின்ட் பூசிவிடுவார்கள். தெருவில் பாதிப் பேர் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், வேறு என்ன பெயின்ட் கிடைக்கும்? கைகளோ பூகம்பத்தில் உடைந்த பிறகு பிளாஸ்டரில் செய்தவை. "ஐம்பது வருடம்கூடத் தேறாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "முந்நூறு வருடம். ஆதாரம் சொல்ல இயலாது."

பதினாறு வயதிலிருந்து மாதாவுக்கு உடை மாற்றும் ஏழு பெண்களில் நானும் ஒருத்தி. அந்த நேரத்தில் ஆண் நிழல் உள்ளே விழக் கூடாது. உடைக்கு அடியில் பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறோம். அந்த முந்நூறு வருடமும் உடைக்கு அடியில்தான் இருந்தது.

தவக்காலத்துக்கு ஊதா உடை மாற்றும் நாளில், இயக்குநர் நினெத் மேடம் எங்கள் இருவரையும் கோயிலுக்கே வரச் சொன்னார்.

"ஆதாரமில்லாத அறிக்கையை வச்சு நான் என்ன பண்றது எவரில்டா? பொட்டலம் கட்டவா?"

டாக்டர் சிரித்தார். "ஒரு எக்ஸ்ரே எடுத்தா முடிஞ்சுது மேடம்."

"அதுலயும் உடம்புதானே தெரியும்? வெட்கங்கெட்ட மெஷின்!" என்றார் உடை மாற்றும் பெண்களின் தலைவி தோன்யா க்ளெமென்சியா.

வாயைத் திறந்தால் சத்தியம் போச்சு, மூடினால் வேலை போச்சு. அப்போதுதான் உறைத்தது: பார்த்ததைச் சொல்லத்தானே கூடாது? ஏழு பேருக்கு மேல் பார்க்கக் கூடாதென்று எவர் சொன்னார்?

"தோன்யா, மேடத்தை எட்டாவது ஆளாச் சேர்த்துக்கலாமா?"

தோன்யா மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஊசி பிடிக்கத் தெரியுமா?"

"பட்டன் தைப்பேன்."

"போதும். மோதிரத்தைக் கழட்டு, லேஸ்ல மாட்டும்." அந்த நிமிடமே மேடம் 'நீ' ஆகிவிட்டார்.

மேடம் சத்தியம் செய்தார். நாலு பேர் துணியை விரித்துத் திரை பிடித்தார்கள். வெளியே சும்மா நின்ற டாக்டர் கையில் தோன்யா குண்டூசி டப்பாவைத் திணித்தார்.

ஐந்து பாவாடைகள். கடைசியை நான்தான் விலக்கினேன். உள்ளே என்ன இருந்தது? உங்களிடமும் சொல்ல மாட்டேன். இருபது வருடமாக மரச் சிற்பங்களோடு மல்லாடிய நினெத் மேடம் அப்படியே முழங்காலிட்டுவிட்டார்.

ஊதா உடையை மாட்டி முடித்துத் திரை விலகியதும் டாக்டர் ஓடி வந்தார். "என்ன மேடம் இருக்கு?"

"சொல்ல முடியாது டாக்டர்."

"சொல்லாம எப்படி மேடம்?"

"நேர்ல பார்த்தேனான்னுதான் பதிவேடு கேக்குது. பார்த்தேன்." என் அறிக்கையை வாங்கி, கீழே 'கண்டேன், உண்மை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "எவரில்டா, திங்கக்கிழமை வந்து வேலையில சேரு. இனிமே ஆறு மாசக் கணக்கெல்லாம் கிடையாது."

"அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் இங்க வரணும்" என்றார் தோன்யா. "லேட்டா வர்றவங்கதான் பாவாடை துவைக்கணும். மேடமா இருந்தாலும் சரி."

நான் அழுதேன். ஒன்பது வருட அழுகை, அத்தனை பேர் முன்னாலும், துளி வெட்கமில்லாமல். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டர் கையிலிருந்த டப்பாவை வாங்கி எண்ணினேன். ஒரு ஊசிகூடக் குறையவில்லை.

"நல்லாப் பிடிச்சிருந்தீங்க டாக்டர்" என்றேன்.